ஈரக் கழிவு

லெந்தின் பன்னிரண்டாம் நாள்.
நாலரைக்கு எழுந்து முழங்கால் போட்டேன்.
ஜெபக் குறிப்பேட்டில் பதினேழு பெயர்கள்,
ஒன்பதாவதில் தூங்கிப்போனேன்.
ஒன்பதாவது என் நாத்தனார்.
எப்போதும் அவள் பெயரில்தான் தூக்கம் வருகிறது.

ஏழு மணிக்குக் கட்டபெட்டு முக்கு,
இலை எடைபோடும் கொட்டகை.
எனக்கு முன்பே வந்த மூடுபனி
நாற்காலியை ஈரமாக்கி வைத்திருந்தது.
தராசில் சிவப்பாய் மூன்று பூச்சியங்கள்.

மதியம்வரை வெறும் தண்ணீர்.
எதிரே அப்பாஸ் கடையில்
வர்க்கித் தட்டு இறங்கும் நேரம்
எனக்கு வேதவசனம் மாதிரி மனப்பாடம்.
பசியை ஒப்புக்கொடுக்கிறேன், ஒப்புக்கொடுக்கிறேன் என்று
பசியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.
கர்த்தரை ஒருநாளும் இத்தனை முறை நினைத்ததில்லை.

முதலில் நஞ்சி வந்தாள்.
தலையில் வலைச்சாக்கு,
அதிலிருந்து சொட்டிச் சொட்டி
வெள்ளை முண்டு தோளோடு ஒட்டியிருந்தது.

முப்பத்தொன்று புள்ளி நான்கு.
ஈரத்துக்கு மூன்று கழிவு, சாக்குக்கு ஒன்று.
இது ஃபேக்டரி கணக்கு.
அதற்குமேல் இன்னொன்று.
இது எங்கள் கணக்கு.

அந்த ஒன்றுகள் மாசக் கடைசியில் கூடி
மரியதாஸ் என்ற பெயரில் இலையாகும்.
மரியதாசுக்குத் தோட்டம் கிடையாது.
மரியதாசே கிடையாது.
பாதி சூப்பர்வைசர் சந்திரகுமாருக்கு, பாதி எனக்கு.
என் பாதியிலும்
தசமபாகம் தவறாமல் எடுத்துவைத்திருக்கிறேன்,
கோயில் உறையில்,
பெயரெழுதி, நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி.

கை நடுங்கியது.
பக்தி என்று சொல்ல ஆசைதான்.
வெறும் வயிறு.
பேனா இருபத்தாறில் போய் நிற்கவேண்டியது,
இருபத்தேழு புள்ளி நான்கு என்று எழுதிவிட்டது.
அடிக்கலாம் என்று பார்த்தேன்.
அடிக்கவில்லை.

நஞ்சி சீட்டை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.
எழுதப் படிக்கத் தெரியாதவள் என்று
நான் நினைத்திருந்தேன்.
"இன்னிக்குத் தராசு சரியா இருக்கா?"
"சரியா இருக்கு."
நேற்றைப் பற்றி அவள் கேட்கவில்லை.
சாக்கை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
மழைக்குள் இறங்கிப் போனாள்.

ஒருமுறை மனந்திரும்பினால் போதும் என்று
நினைத்தவள் நான்.
அவளுக்குப் பின்னால் நாற்பத்திரண்டு சாக்குகள்.
ஒவ்வொன்றும் புதிதாய் ஏறி உட்கார்ந்து
என்னை நிறுத்துப் பார்த்தது.
இருபதாவதில், பழக்கம், கை தானாகக் கழித்தது.
ஓடிப்போய் ஆளைக் கூப்பிட்டு
திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.
பதினொன்றரைக்கு இரண்டு வர்க்கி தின்றேன்,
டீயில் நனைத்து, நின்றபடியே.
யாரும் பார்க்கவில்லை என்பது பொய்;
அப்பாஸ் பார்த்தார், மூன்றாவதும் வைத்தார்.

ஐந்து மணிக்கு போன்.
"மரியதாஸ் இன்னிக்கு இலை போடலையா?"
"மரியதாஸ் செத்துட்டார் சார்."
"எப்போ?"
"காலையில."
மறுமுனையில் ரொம்ப நேரம்
ட்ரையர் ஓடும் சத்தம் மட்டும்.
"நாளைக்கு ஆபீசுக்கு வாங்க" என்றார்.

இரவு குறிப்பேட்டைத் திறந்து
உபவாசம் முறிந்தது என்று எழுதினேன்.
பதினெட்டாவதாக நஞ்சி.
அவளுக்கு நேராக, பென்சிலால்,
வாரத்துக்கு இரண்டு சாக்கு,
வருஷத்துக்கு எத்தனை வாரம்,
ஒன்பது வருஷம்.
பெருக்கிப் பார்த்தேன்.
கிலோவுக்கு அன்றன்று என்ன விலை என்பது
ஞாபகம் இல்லை.
பழைய சீட்டுகள் பீரோவுக்கு மேல் அட்டைப்பெட்டியில்.
ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.